பள்ளத்துக்குப் பணமா, சாலைக்குப் பணமா? பொள்ளாச்சிக் கோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2014-ஐ ஒட்டி, தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சிக் கோட்டத்தில் ஒரு புது மாதிரி ஒப்பந்தத்தை இறக்கியது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை எனச் சுமார் 375 கிலோமீட்டரை மொத்தமாகக் கட்டி, ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரே ஒப்பந்ததாரரிடம் கொடுத்தார்கள். மதிப்பு ஏறத்தாழ ரூ.230 கோடி. அதுவரை இருந்த வழக்கம், இத்தனை சதுர மீட்டர் தார் போட்டால் இத்தனை ரூபாய். புது ஒப்பந்தமோ சாலை இன்ன நிலையில் இருக்க வேண்டும், இருந்தால் மாதாமாதம் பணம், இல்லாவிட்டால் பிடித்தம் என்றது. செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம் என்பது ஏட்டுப் பெயர். துறையிலும் ஒப்பந்ததாரர்கள் மத்தியிலும் பி.பி.எம்.சி. என்றால்தான் தெரியும். தமிழ்நாட்டில் இந்த முறைக்குப் பொள்ளாச்சிதான் முதல் களம். கிருஷ்ணகிரி, ராமநாதபுரம், திருவள்ளூர், விருதுநகர் கோட்டங்களுக்கெல்லாம் பிறகுதான் போனது.

நெடுஞ்சாலை ஒப்பந்தங்களில் புது முறைகளைப் பற்றி உலகம் முழுக்க நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழுகிற கேள்வி ஒன்றுதான்: இந்த ஒப்பந்தம் எதை அளந்து பணம் தருகிறது? எதை அளக்கிறதோ அதுதான் களத்தில் நடக்கிறது. அளக்காதது நடப்பதில்லை. யாரையும் திருடன் என்றோ சோம்பேறி என்றோ சொல்லாமலே நம் சாலைகளின் கதையில் பாதியை இதை வைத்து விளக்கிவிடலாம். பொள்ளாச்சியை நடுவில் வைத்து, பக்கத்திலேயே இருக்கும் கோவையின் இரண்டு சாலைகளையும் சேர்த்து இதைப் பார்க்கிறேன்.

எம்-புக் சொல்லும் சாலை

நம் ஊரில் சாலை வேலை பெரும்பாலும் அயிட்டம் ரேட் முறையில்தான் நடக்கிறது. துறை எஸ்டிமேட் போடும். மண் வேலை, ஜல்லி, தார்க்கலவை, சிறுபாலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. குறைந்த விலை சொன்னவர் எல்-1. வேலை நடக்க நடக்க உதவிப் பொறியாளர் டேப் பிடித்து அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுதுவார். உதவிக் கோட்டப் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அப்புறம் பில் பாஸாகும்.

இந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது நியாயமில்லை. எந்த ரூபாய் எந்த ஜல்லிக்குப் போனது என்று தணிக்கைக்காரர் பின்னாடியே போய்ப் பார்க்கலாம். சின்ன ஒப்பந்ததாரரும் டெண்டர் போடலாம். வேலையின் நடுவே அளவு கூடினால் குறைந்தால் கணக்குத் தீர்ப்பதும் எளிது. புதிதாகப் போடும் சாலைக்கு இது இன்றைக்கும் மோசமான முறை ஆகிவிடவில்லை. சிக்கல் பராமரிப்பில்தான்.

ஒரு பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். முறையாக அடைப்பதென்றால் அதன் ஓரங்களை நேராக, சதுரம் சதுரமாக வெட்ட வேண்டும். பெயர்ந்த ஜல்லியையும் தூசியையும் கூட்டி அள்ளி, ஈரம் காயவிட்டு, அடியிலும் வெட்டிய ஓரங்களிலும் டேக் கோட் என்ற பிடிப்புத் தார்ப்பூச்சைப் பூச வேண்டும். பிறகு சூடான கலவையை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். இதற்கெல்லாம் ரேட் இருக்கிறது, சதுர மீட்டர் கணக்கில் பணமும் வரும்.

ஆனால் பள்ளம் ஏன் அங்கே விழுந்தது? நம் பக்கத்துச் சாலைகளில் முதல் காரணம் தண்ணீர். தாருக்கு வெளியே இருக்கும் பெர்ம் எனும் ஓரத்து மண் வருஷா வருஷம் உயர்ந்து தார் மட்டத்தைத் தாண்டி நிற்கும். மழைநீர் இறங்க வழியில்லாமல் சாலை மேலேயே தேங்கும். தென்னந்தோப்புக்கு வண்டி இறங்க வேண்டுமென்று பக்கவாட்டுக் கால்வாயில் குழாய் வைக்காமல் மண்ணைக் கொட்டி மூடியிருப்பார்கள். அந்த வாசலை ஒட்டிப் பார்த்தால் தார் உரிந்து கிடக்கும். பள்ளத்தை அடைக்கிற ஒப்பந்தத்தில் அந்த மண்ணை அள்ளப் பணம் இல்லை. அள்ள வேண்டும் என்று மேஸ்திரிக்கும் தெரியும், உதவிப் பொறியாளருக்கும் தெரியும். அதற்குத் தனி எஸ்டிமேட், தனி ஒப்புதல் வேண்டும். அது வருவதற்குள் மழை வந்துவிடும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே பள்ளம், அதே சதுர மீட்டர், இன்னொரு பில். பள்ளம் விழுந்தால் வருமானம், விழாவிட்டால் இல்லை. ஒரு சாலையைப் பாதுகாக்க இதைவிடத் தலைகீழான ஏற்பாடு இருக்க முடியாது.

பொள்ளாச்சியில் இது இரட்டிப்பாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவமழை உள்ளே வந்து ஜூனிலிருந்தே நனைக்கும். அக்டோபரில் வடகிழக்கு தொடங்கிவிடும். தாராபுரம், காங்கேயம் பக்கத்துச் சாலைக்குக் கிடைக்கும் நீண்ட வறண்ட காலம் இங்கே கிடையாது. ஆண்டுக்கு ஒரு முறை எஸ்டிமேட் போட்டு ஒட்டுப் போடுவது கணவாய்க்கு நேர் எதிரே இருக்கும் ஊருக்குச் சரிப்பட்டு வராது.

புது ஒப்பந்தம் என்ன செய்கிறது

செயல்திறன் ஒப்பந்தத்தில் வேலை நான்கு வகையாகப் பிரியும். முதலில் ஆரம்பச் சீரமைப்பு: கெட்டுக் கிடக்கும் நீளங்களை ஒரு தரத்துக்குக் கொண்டுவருவது. அடுத்தது காலமுறைப் புதுப்பிப்பு, அதாவது மேல்தளத் தாரை மாற்றிப் போடுவது. மூன்றாவதான அன்றாடப் பராமரிப்பில் பள்ளம், பெர்ம், கால்வாய், முட்செடி, வழிகாட்டிப் பலகை, வெள்ளைக் கோடு எல்லாம் அடங்கும். நான்காவது அவசர வேலை. மண்சரிவு, வெள்ளத்தில் அடித்துப்போன சிறுபாலம் போன்றவை. இதற்கு மட்டும் தனி அளவு, தனிப் பணம். ஏனென்றால் வானத்தை யாரும் முன்கூட்டி விலை பேச முடியாது.

அன்றாடப் பராமரிப்புக்கு ஒரே மாதத் தொகை. பள்ளம் விழுந்தால் இத்தனை நேரத்துக்குள் அடைபட வேண்டும், பெர்ம் தார் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது, கால்வாயில் நீர் தேங்கக் கூடாது என்று நிலைகள் எழுதப்பட்டிருக்கும். ஆய்வில் தவறினால் பிடித்தம். இப்போது ஒப்பந்ததாரரின் கணக்கு தலைகீழாக மாறுகிறது. அடைக்கும் ஒவ்வொரு பள்ளமும் அவருக்குச் செலவு. தோப்பு வாசலில் குழாய் வைத்துவிட்டால் பள்ளமே விழாது, அது அவருக்கு மிச்சம். துறை கெஞ்ச வேண்டியதில்லை. எந்த இடத்தில் எதனால் சாலை கெடுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது அவருடைய லாபத்துக்கான வேலையாகிவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த முறை நமக்கு வேண்டும் என்று நினைக்கிறேன்.

இது நாம் கண்டுபிடித்ததில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1995-லும் நியூசிலாந்தில் 1998-லும் இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் தொடங்கின. அர்ஜென்டினா, சீரமைப்பையும் பராமரிப்பையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டியது. இந்தியாவில் பஞ்சாப், உலக வங்கிக் கடனில் சுமார் 200 கிலோமீட்டரைப் பத்து ஆண்டுக்குக் கொடுத்தது. பொள்ளாச்சிக்கு ஐந்து ஆண்டுதான். தார் மேல்தளம் ஒன்றின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. கடைசி ஆண்டில் ஒப்பந்ததாரர் கண்ணை மூடிக்கொண்டாலும் சேதம் வெளியே தெரிவது அடுத்தவர் காலத்தில்தான். அதனால் ஒப்படைக்கும்போது சாலைக்கு எத்தனை ஆண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்பதை அளவோடு எழுதியாக வேண்டும். பத்து ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தத் தொல்லை குறைவு.

அளப்பவர் கையில் என்ன இருக்கிறது

டேப்பும் எம்-புக்கும் வைத்து நீளம், அகலம், கனம் பார்த்த பொறியாளர் இப்போது சாலையின் நிலையை அளக்க வேண்டும். மேடுபள்ளத்தை அளக்கப் பம்ப் இன்டகிரேட்டர் இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் ஒற்றைச் சக்கரக் கருவி. ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் ஏறி இறங்கியது என்று சொல்லும்.

சாலையின் உள்பலத்துக்குப் பெங்கல்மேன் பீம். இதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சாலை என்றால் என்ன என்பதே வேறு மாதிரி தெரியும். பின் அச்சில் 8,170 கிலோ எடை வரும்படி லோடு ஏற்றிய லாரியை நிறுத்துவார்கள். இரட்டை டயர்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் நீளமான கம்பியின் முனையை வைப்பார்கள். லாரி மெதுவாக முன்னே நகரும். அழுந்தியிருந்த தார் மூச்சு விட்டு மேலே எழும். டயல் கேஜின் முள் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுதான். அந்த அசைவு கூடக் கூட அந்த இடத்தின் ஆயுள் குறைவு. மேலே பளபளவென்று இருக்கும் சாலை அடியில் நொந்து கிடப்பதை இது காட்டிக்கொடுத்துவிடும்.

ஒப்பந்தத்தின் உயிர் இந்த அளவீட்டில்தான் இருக்கிறது. கருவி பிரிவு அலுவலகத்தில் இல்லாவிட்டால், அல்லது அளவெடுக்கும் பொறுப்பும் ஒப்பந்ததாரர் கையிலேயே போய்விட்டால், மாதத் தொகை வெறும் சம்பளமாகிவிடும். எவ்வளவு நல்ல ஒப்பந்தம் எழுதினாலும் அளப்பவருக்குப் பயிற்சியும் கருவியும் தராத துறைக்கு இந்த முறை ஆபத்தானது. பழைய முறையில் தப்பு நடந்தால் ஒரு பில் வீண். இதில் ஐந்து ஆண்டு வீண்.

பாரம் யார் தலையில்

பொள்ளாச்சிச் சாலைகளில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். தேங்காய், கயிறு, கயிற்றுத்தும்பு, சந்தைக்கு வரும் மாடுகள், இவற்றோடு கேரளாவுக்குப் போகும் எம்-சாண்ட், ஜல்லி டிப்பர்கள். கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் போகும் சாலைகளுக்கு இந்தப் பாரம் பழகிப்போனது. ஒப்பந்ததாரர் விலை சொல்லும்போது எவ்வளவு பாரம் ஓடும் என்று ஒரு கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார். அந்தக் கணக்கு மாறினால்?

மாறியது. 2018 ஜூலையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் லாரிகளின் அச்சுப் பார வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. கேட்பதற்குச் சின்ன உயர்வு, 13 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், அதாவது பாரம் இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்காகும் என்பது சாலைப் பொறியியலின் அடிப்படைக் கணக்கு. அப்படிப் போட்டால், வரம்பு வரை லோடு ஏற்றும் ஓர் அச்சு தரும் சேதம் ஏறத்தாழ 60 சதவீதம் கூடுகிறது. நாமக்கல், சங்ககிரி, கரூர் லாரிக்காரர்களுக்கு ஒரு நடைக்குக் கிடைக்கும் கூடுதல் வருமானத்தின் மறுபக்கம் இது. 2014 வாக்கில் எழுதிய ஓர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இதை யார் எதிர்பார்த்திருக்க முடியும்?

அயிட்டம் ரேட் முறையில் இந்த இடர் துறையின் தலையில் விழும். செயல்திறன் முறையில் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் ஒப்பந்ததாரர் தலையில் விழும். அவர் அடுத்த டெண்டரில் பயத்துக்கும் சேர்த்து விலை ஏற்றுவார், இல்லாவிட்டால் நடுவிலேயே கைவிட்டுவிடுவார். இரண்டும் மக்களுக்கு நஷ்டம். தாங்கக்கூடிய இடரைத்தான் ஒருவர் தலையில் வைக்க வேண்டும். கால்வாய் தூர்ந்துபோவதை ஒப்பந்ததாரரால் தடுக்க முடியும். டிப்பரின் பாரத்தை அவரால் தடுக்க முடியாது, அது அரசின் வேலை.

சின்னக் கைகள்

இந்த முறையில் என்னை அதிகம் உறுத்துவது வேறு. கொங்குப் பக்கம் சாலை வேலை பல குடும்பங்களுக்குத் தொழில். ஒரு ரோலர், ரெண்டு டிப்பர், ஊரில் நல்ல பேர், கைக்கடன் தருகிற சொந்தபந்தம் என்று எழுந்து வந்தவர்கள் ஏராளம். 375 கிலோமீட்டரை ஒரே பொட்டலமாகக் கட்டினால் வங்கி உத்தரவாதம், தார்க்கலவை தயாரிக்கும் ஹாட் மிக்ஸ் பிளான்ட், அதைச் சீராகப் பரப்பும் சென்சார் பேவர் என்று கேட்கும் தகுதிகளில் அவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அப்புறம் பெரிய நிறுவனத்திடம் துணை ஒப்பந்தம் எடுத்து, அதே சாலையில் அதே வேலையை இன்னும் குறைந்த விலைக்குச் செய்வார்கள். நடுவில் ஒரு கை கூடியதுதான் மிச்சம். இதற்கு வழி இருக்கிறது. உட்கோட்டம் உட்கோட்டமாகப் பிரித்து, 60, 80 கிலோமீட்டர் பொட்டலங்களாகக் கட்டலாம். இரண்டு மூன்று பேர் கூட்டாக எடுக்கவும் அனுமதிக்கலாம். சின்ன ஒப்பந்ததாரருக்கு ஊர்ச் சாலையின் நோய் தெரியும். எந்த வளைவில் தண்ணீர் நிற்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த முறைக்குத் தேவையான அறிவே அதுதானே.

சாலைப் பணியாளர்களின் கவலையும் நியாயமானது. 1997-ல் வேலைக்குச் சேர்ந்து, 2002-ல் மொத்தமாக நீக்கப்பட்டு, 2006-ல் திரும்ப வந்தவர்கள் அவர்கள். பராமரிப்பைத் தனியாருக்குக் கொடுப்பது நிரந்தரப் பணியிடங்களை ஒழிக்கும் வழி என்று அவர்கள் சங்கம் எதிர்க்கிறது. இதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. மண்வெட்டியோடு தினமும் சாலையில் நடந்தவருக்கு நிலையைக் கண்டு சொல்லும் கண் இருக்கிறது. ஆய்வுக் குழுவில் அவர்களை வைத்துப் பயிற்சி கொடுத்தால் துறைக்கு இல்லாத கை கிடைக்கும்.

அவிநாசி சாலையில் நாளுக்கு விலை இல்லை

பராமரிப்பு ஒப்பந்தம் அளப்பது நிலையை. கட்டுமானத்தில் அளக்காமல் விடுபடுவது நேரம்.

கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், ரூ.1,791 கோடி. 2020 கடைசியில் தொடங்கி, 2025 அக்டோபர் 9-ல் ஜி.டி. நாயுடு பெயரில் திறந்தார்கள். இன்று அதில் போகிற எல்லாருக்கும் நன்மை தெரியும். ஆனால் கட்டிய காலம் முழுக்க நடுச்சாலையைத் தடுத்துவைத்து, மீதியிருந்த வழியில் நகரம் ஊர்ந்தது. பீளமேடு மருத்துவமனைகளுக்குப் போன ஆம்புலன்ஸ், விமான நிலையத்துக்கு ஓடியவர்கள், மில் ஷிப்டுக்குப் போனவர்கள், கடை வாசலில் தடுப்புத் தகரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த வியாபாரிகள். இவர்கள் இழந்த நேரத்துக்கு எஸ்டிமேட்டில் வரி கிடையாது. தாமதத்துக்கு அபராதம் என்று நம் ஒப்பந்தங்களில் இருப்பது ஒப்பந்தத் தொகையில் ஒரு சதவீதக் கணக்கு. மக்களின் நஷ்டத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

நாளுக்கும் விலை வைக்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 1990-ல் சிறப்புப் பரிசோதனைத் திட்டம் 14 என்ற பெயரில் புது ஒப்பந்த முறைகளைச் சோதிக்கத் தொடங்கியது. அதில் ஒன்று ஏ பிளஸ் பி. ஏ என்பது வேலையின் விலை. பி என்பது ஒப்பந்ததாரரே சொல்லும் நாட்களை ஒரு நாளின் சமூகச் செலவால் பெருக்கிய தொகை. இரண்டும் கூட்டி எது குறைவோ அவருக்கே வேலை. ஒரு பேச்சுக்கு நாள் ஒன்றுக்கு ரூ.5 லட்சம் என்று வைப்போம். ஒருவர் ரூ.50 கோடி, 600 நாள் என்கிறார். மொத்தம் ரூ.80 கோடி. இன்னொருவர் ரூ.52 கோடி, 500 நாள். மொத்தம் ரூ.77 கோடி. எல்-1 முறையில் முதலாமவர் ஜெயிப்பார், இதில் இரண்டாமவர். அரசு தருவது ரூ.52 கோடிதான். பி என்பது ஒப்பிடுவதற்கான தொகை மட்டுமே. சொன்ன நாளுக்கு முன்பே முடித்தால் போனஸ், தாண்டினால் அதே கணக்கில் பிடித்தம்.

1994 ஜனவரியில் நார்த்ரிட்ஜ் பூகம்பம் லாஸ் ஏஞ்சலஸின் சாண்டா மோனிகா நெடுஞ்சாலைப் பாலங்களை இடித்தபோது இந்த முறையில்தான் வேலை கொடுத்தார்கள். 140 நாள் கெடு, நாளுக்கு 2 லட்சம் டாலர் போனஸ். 74 நாள் முன்னதாக முடிந்தது. போனஸ் அதிகம் என்று சண்டையும் வந்தது. ஆனால் அந்தச் சாலை ஒரு நாள் மூடியிருந்தால் நகரத்துக்கு ஆகும் நஷ்டம் அந்தத் தொகையைவிடப் பல மடங்கு என்று அரசு முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தது. இதோடு சேர்ந்த இன்னொன்று தடவாடகை. பிரிட்டன் 1980-களிலேயே சோதித்தது. சாலையின் ஒரு தடத்தை மறிக்கும் ஒவ்வொரு நாளுக்கும், சில இடங்களில் ஒவ்வொரு மணிக்கும், ஒப்பந்ததாரர் வாடகை கட்ட வேண்டும். காலைக் கூட்ட நேரத்தில் அதிகம், நள்ளிரவில் குறைவு. தகரத் தடுப்பை வேலை நடக்காத இடத்தில் மாதக்கணக்கில் விட்டுவைக்கும் பழக்கம் அன்றோடு தீரும்.

இதற்கு நம் சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்பவர்கள் 1998-ன் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே எழுதிவைத்த, எண்ணில் அளக்கக்கூடிய அம்சங்களை வைத்துத்தான் குறைந்த டெண்டர் எது என்று முடிவு செய்யச் சொல்கிறது அது. நாள் என்பது எண்ணில் அளக்கக்கூடியதுதான்.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. நிலமும் குழாயும். ஏறுதளத்துக்கான நிலம் கைக்கு வரவில்லை, குடிநீர்க் குழாயை மாற்றவில்லை, மின்கம்பம் நகரவில்லை என்றால் ஒப்பந்ததாரரிடம் நாள் கணக்குக் கேட்க அரசுக்கு வாயில்லை. தேசிய நெடுஞ்சாலைகளில் 2016-ல் வந்த, கட்டும் செலவை அரசும் தனியாரும் பகிரும் ஹாம் முறையில் 80 சதவீத நிலம் கையில் இருந்தால்தான் வேலைக் காலமே தொடங்கும் என்று வைத்திருக்கிறார்கள். நாளுக்கு விலை வைக்கும் ஒப்பந்தத்துக்கு அதுவும் போதாது. முழு நிலமும் காலியாக இருக்க வேண்டும். இந்த ஒழுங்கை அரசின் மீதே திணிப்பதுதான் இந்த முறையின் பெரிய நன்மை என்று எனக்குப் படுகிறது.

நீலாம்பூர் முதல் மதுக்கரை வரை

கோவையின் 28 கிலோமீட்டர் பைபாஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1990-களின் கடைசியில் தனியார் முதலீட்டில், சுங்கம் வசூலித்துக்கொள்ளும் உரிமையோடு வந்த இந்தியாவின் முன்னோடிச் சாலைகளில் அதுவும் ஒன்று. அரசிடம் பணம் இல்லாத காலத்தில் ஊருக்குள் வராமல் கேரளா போக வழி கொடுத்தது. அதற்கு மரியாதை உண்டு. ஆனால் ஏறக்குறைய முப்பது ஆண்டு ஒப்பந்தம், அதுவும் இருவழிச் சாலைக்கு. காலப்போக்கில் அதன் இரு முனையிலும் நெடுஞ்சாலை அகலமாகிவிட்டது. நடுவில் இது மட்டும் எதிரெதிரே லாரிகள் வரும் இருவழியாகவே நின்று, விபத்துச் செய்திகளில் தொடர்ந்து இடம்பிடித்தது. போக்குவரத்து இவ்வளவு கூடினால் அகலப்படுத்த வேண்டும், அதற்கு யார் பணம் போடுவது என்பதை முதல் நாளே உறுதியாகக் கட்டிவைக்காத நீண்ட ஒப்பந்தம், ஊர் வளர வளர ஊரையே கட்டிப்போடும்.

அடுத்த ஒப்பந்தத்தில் என்ன எழுதலாம்

பொள்ளாச்சி மாதிரியை மற்றக் கொங்குக் கோட்டங்களுக்கும் கொண்டுபோக வேண்டும். ஆனால் அப்படியே பிரதி எடுத்து வேண்டாம். காலத்தை ஏழு முதல் பத்து ஆண்டாக நீட்டி, பொட்டலத்தைச் சிறிதாக்கி, பெங்கல்மேன் அளவைத் தொடக்கத்திலும் ஒப்படைக்கும் நாளிலும் துறையே, அல்லது ஒரு பொறியியல் கல்லூரி, எடுக்க வேண்டும். கோவை, ஈரோடு, சேலத்தில் அதற்கான ஆய்வகங்கள் இருக்கின்றன. அந்த அளவுகளைக் கிராம சபையில் ஒட்டலாம். மழைக்கேற்ப நிலைகள் மாற வேண்டும்: கணவாய்ப் பக்கம் மே மாதத்துக்குள் கால்வாய் சுத்தம், காங்கேயம் பக்கம் செப்டம்பருக்குள்.

ஏ பிளஸ் பி-யைச் சோதிக்கப் பெரிய மேம்பாலத்தைத் தேட வேண்டாம். நிலம் எடுக்கும் தேவையே இல்லாத ஒரு வேலை போதும். திருப்பூரில் பனியன் வண்டிகள் நெருக்கியடிக்கும் ஒரு சாலையைத் தோண்டி மறுபடி போடும் வேலை என்றால், ஒரு நாள் தாமதத்தின் விலை என்ன என்று அந்த ஊர் ஏற்றுமதியாளர்களிடமே கணக்கு வாங்கலாம்.

பாரத்துக்கு ஒரு ஷரத்து. கோட்டத்தின் முக்கியமான நான்கைந்து சாலைகளில் ஓடும் நிலையிலேயே எடை பார்க்கும் கருவி வைத்து, ஒப்பந்தம் தொடங்கும் முன் ஒரு வாரம், பிறகு ஆண்டுக்கு ஒரு வாரம் அச்சுப் பாரத்தைப் பதிய வேண்டும். பதிவான சேதக் கணக்கு முதல் அளவைவிட 15 சதவீதத்துக்கு மேல் கூடினால் மாதத் தொகை அதே விகிதத்தில் ஏறும், குறைந்தால் இறங்கும். இந்த ஷரத்து இருந்தால் டிப்பர்களை நிறுத்தி எடை போடுவதில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரே அக்கறை வந்துவிடும், ஏனென்றால் தப்பிப்போகும் பாரம் கூடக் கூட, அடுத்த அளவீட்டுக்குப் பிறகு மாத பில்லும் ஏறக்கூடும்.